கரடிப் பெயரில் ஒரு காலணி: கர்ஹு வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது, சுருக்கிக்கொள்கிறேன். சென்னையில் வேலை. அலுவலகத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் காலில் அதே இரண்டு நிறுவனங்களின் ஷூக்கள். அதில் சலித்துப்போய், அதிகம் பேர் அறியாத ஒரு பழைய நிறுவனத்தின் ஓட்டக் காலணி, அந்தக்கால வடிவத்தில் வேண்டும் என்கிறீர்கள். அக்கா டிசம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து வருகிறார் என்பதால் பின்லாந்தின் கர்ஹு நினைவுக்கு வந்திருக்கிறது. கர்ஹுவின் ஃபியூஷன் 2.0 நல்லதா, ஆரியா 95 நல்லதா, இரண்டையும் விட்டுவிட்டுச் சாக்கனி, டியாடோரா என்ற வேறு இரண்டு பழைய நிறுவனங்களின் பக்கம் போகலாமா என்பது முதல் பகுதி. அடிடாஸின் மூன்று கோடு முதலில் கர்ஹுவினுடையதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதம் முன்பக்கம் அகலம், காலையில் கடற்கரையில் ஓடவும் இதையே போட்டுக்கொள்ளலாமா என்பது இரண்டாம் பகுதி.

வாங்கலாம். ஓட வேண்டாம். அகலப் பாதத்துக்கு இரண்டில் எது என்பதை மாடலின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் பாதத்தின் அளவையும் அந்த ஷூவின் உள்ளளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் லாஸ்டும் (ஷூவை வடிக்கும் கால் வடிவ அச்சு) அப்பருமாக (சோலுக்கு மேலே இருக்கும் பகுதி) உட்கார்ந்திருந்தவன் நான். எங்கள் வேலை ஐரோப்பாவுக்குப் போகும் தோல் ஷூ. ஓட்டக் காலணி என் சொந்தப் பைத்தியம். அதனால் ஷூவை எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பேன். நிறம், பெயர், கதை எல்லாம் கடைசியில் வரும்.

ஆனாலும் கர்ஹுவைப் பொறுத்தவரை கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் பலருக்கு இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. 1916இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. பின்லாந்து சுதந்திர நாடானது 1917 டிசம்பரில். அதாவது நாட்டைவிட நிறுவனத்துக்கு ஒரு வயது கூட. முதலில் செய்தது பிர்ச் மரத்தில் ஈட்டி, வட்டு, பனிச்சறுக்குக் கட்டை. பிறகு ஓட்டப் பந்தய முள் ஷூக்கள். 'கர்ஹு' என்றால் பின்னிஷ் மொழியில் கரடி. (அங்கே அதே பெயரில் ஒரு பீரும் உண்டு. இணையத்தில் தேடும்போது பாட்டில் படம் வந்தால் திகைக்காதீர்கள்.)

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற பாவோ நூர்மி அணிந்தது கர்ஹுவின் முள் ஷூ. 1,500 மீட்டரையும் 5,000 மீட்டரையும் ஒரே நாளில் வென்றவர் அவர். ஹெல்சிங்கி ஒலிம்பிக் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. அதில் அவர் உடையும் இல்லாமல் ஷூவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார். இத்தனை விளம்பரத்தைத் தந்த மனிதனை வெறுங்காலோடு நிறுத்திவிட்டார்களே என்று ஷூ தைப்பவனுக்கு வருத்தம் வரும். 1952இல் அதே மைதானத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றார். அவர் காலிலும் கர்ஹுதான் என்று நிறுவனம் சொல்லிக்கொள்ளும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று கோடு விவகாரம். அந்தக் கோடுகள் ஒரு காலத்தில் கர்ஹுவினுடையவை. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கை அடுத்து அவற்றை ஜெர்மனியின் அடிடாஸுக்கு விற்றுவிட்டார்கள். விலையாக இன்றைய மதிப்பில் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் வாங்கினார்கள் என்பது பல ஆண்டுகளாகப் புழங்கும் கதை. விஸ்கி உண்மையோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, கோடுகள் கைமாறியபின் அவர்களுக்கு வேறு அடையாளம் தேவைப்பட்டது. பக்கவாட்டில் இன்று நீங்கள் பார்க்கும் 'எம்' எழுத்து அப்படி வந்தது. 'மெஸ்தாரி' என்ற சொல்லின் முதலெழுத்து. கைதேர்ந்தவன், சாம்பியன் என்று பொருள்.

இனி நான் மதிக்கும் பகுதி. 1980களில் யூவாஸ்குலா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். எல்லா நிறுவனங்களும் குதிகாலுக்கு இன்னும் மெத்தென்று, இன்னும் மெத்தென்று என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஓடுபவன் மேலும் கீழுமாகத் துள்ளுவதில் சக்தி வீணாகிறது, அவனை முன்னோக்கி உருட்டிவிட்டால் என்ன என்று இவர்கள் யோசித்தார்கள். நடுச்சோலுக்குள் (காலுக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற அடுக்கு), பாதத்தின் வளைவுக்குக் கீழே, ஆப்பு போல ஒரு கெட்டியான துண்டை வைத்தார்கள். குதிகால் தரையில் பட்டதும் கால் அதன்மீது சீசாப் பலகை போல உருண்டு முன்னால் போகும். 1986இல் வந்த இதற்குப் பெயர் 'ஃபுல்க்ரம்', அதாவது நெம்புகோலின் தாங்குபுள்ளி. 1990களின் மாடல்களைப் பக்கவாட்டில் பார்த்தால் சோலின் நடுவில் வேறு நிறத்தில் அந்த ஆப்பு தெரியும். அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். காற்றறை வைத்த நடுச்சோலுக்கு 1970களிலேயே காப்புரிமை எடுத்தோம் என்றும் நிறுவனம் சொல்லிக்கொள்ளும். எனக்கு அந்தப் பெருமையைவிட இந்த ஆப்பு பெரிதாகப் படுகிறது.

சரி, இவ்வளவு யோசித்துச் செய்த ஷூவில் ஏன் ஓட வேண்டாம் என்கிறேன்? அது 1996இன் பதில். முதல் ஃபியூஷன் வந்த ஆண்டு அது. இன்று விற்கும் 2.0 அதன் மறுபதிப்பு. செய்பவர்களே அதை நடைக்கும் உடைக்குமாகத்தான் விற்கிறார்கள். அந்தக்கால ஷூக்களில் குதிகால் உயரம் அதிகம், முன்பக்கம் தாழ்வு. தோலும் பல அடுக்குத் தையலும் இருப்பதால் ஒரு ஷூவே 300 கிராமைத் தாண்டுவது வழக்கம். பஸ்ஸுக்காக ஓடலாம். வாரம் இருபது கிலோமீட்டர் ஓடுவதற்கு இன்றைய நுரையில் செய்த ஒரு சாதாரண பயிற்சி ஷூ, பாதி விலையில், இதைவிட நன்றாக உழைக்கும். அதுபோகக் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் சுயீட் தோலுக்கு (மேல்பக்கம் பஞ்சு போலத் தடவும் தோல்) எமன். அதே கர்ஹு இன்றும் உண்மையான ஓட்டக் காலணிகள் செய்கிறது. ஓடத்தான் வேண்டும் என்றால் அவற்றைப் பாருங்கள்.

இப்போது சோலுக்கு வருவோம். நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாணி ஓட்டக் காலணியின் நடுச்சோல் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்றாக இருக்கும், சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். ஒன்று ஈவிஏ நுரை. இலேசானது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நீங்கள் வீட்டில் போடும் எடை இல்லாத செருப்புகளில் பலவும் இந்த இனம்தான். 1970களின் நடுவில் ஓட்டக் காலணிகளுக்குள் வந்து இன்றுவரை போகவில்லை. மற்றது பாலியூரிதேன். கொஞ்சம் கனம், மேலே மெல்லிய தோல் போன்ற பளபளப்பு, அழுத்தினால் நிதானமாகத் திரும்பும். மிதிக்க மிதிக்கத் தட்டையாகாமல் நெடுநாள் தாங்குவது இதுதான். அந்தக் காலத்தில் விலை உயர்ந்த ஷூக்களின் குதிகாலில் இதை வைத்ததற்கு அதுவே காரணம்.

ஆனால் பாலியூரிதேனுக்கு, அதிலும் எஸ்டர் வகைக்கு, ஒரு பிறவி நோய் உண்டு. ஈரக் காற்று. காற்றிலிருக்கும் நீராவி உள்ளே புகுந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்திருப்பீர்களே, அதேதான். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலை வைத்ததும் சோல் பாலாடைக்கட்டி போல உதிரும். பழைய ஷூ சேர்ப்பவர்கள் எல்லாரும் இன்னொன்றும் சொல்வார்கள்: போட்டு நடந்த ஷூவைவிடப் பெட்டியில் பூட்டிவைத்த ஷூதான் சீக்கிரம் போகும். சென்னைக் காற்றின் ஈரத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது எனக்கே நேர்ந்தது. ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் ஜோடி (பெயர் வேண்டாம், குற்றம் அவர்களுடையது மட்டுமில்லை), நல்ல பாதாம் நிற சுயீட். வீணாகிவிடும் என்று பீரோவுக்கு மேலே பெட்டியிலேயே ஒன்பது ஆண்டுகள் வைத்திருந்தேன். மைத்துனர் மகன் கல்யாணத்துக்கு வேலூர் போகும்போதுதான் முதன்முதலாகப் போட்டேன். காட்பாடி ரயில் நிலையப் படிக்கட்டில் இடது குதிகால் கழன்றது. பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் வலதும் போயிற்று. பின்னால் வந்தவர்கள் நான் ஏதோ மாவு மூட்டையைச் சிந்திக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மண்டபத்துக்கு ரப்பர் செருப்போடு போய்ச் சேர்ந்தேன். ஷூக்காரன் செருப்போடு வந்தான் என்று இன்றும் சொந்தத்தில் சிரிக்கிறார்கள்.

ஆகவே அக்காவிடம் நீங்கள் முதலில் கேட்கச் சொல்ல வேண்டியது நடுச்சோல் எந்தப் பொருள் என்பதை. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம், பதில் சொல்லும் அளவுக்குச் சின்ன நிறுவனம்தான். முழுக்க ஈவிஏ என்றால் நிம்மதி. அது உதிராது, ஆண்டுகள் போகப் போகத் தட்டையாகி இறுகும், அவ்வளவுதான். பாலியூரிதேன் இருந்தாலும் வாங்கலாம். ஆனால் வாங்கிய வாரமே போட ஆரம்பித்துவிட வேண்டும். அடுத்ததாக, நாக்கின் உட்புறத்தில் தைத்திருக்கும் சின்ன அளவுச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடும். பாதி விலைக்கு ஒதுக்கி வைத்திருக்கும் ஜோடியில் அந்த ஆண்டு ஏழெட்டு ஆண்டுக்கு முந்தையது என்றால், தள்ளுபடி எதற்கு என்று உங்களுக்குப் புரிந்துவிடும். 1990களின் அசல் ஜோடி, பயன்படுத்தாதது என்று யாராவது இணையத்தில் விற்றால் அது கண்ணாடி அலமாரிக்கு. காலுக்கு ஆகாது.

அப்பரைப் பற்றிச் சுருக்கமாக. சுயீட் எல்லாம் ஒன்றில்லை. விரலால் தடவி வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்க்கால் புள்ளிகள் மும்மூன்றாகக் கூடியிருந்தால் அது பன்றித் தோல். மெல்லியது, வலுவானது, ஓட்டக் காலணிகளில் நெடுங்காலமாகப் புழங்குவது. சிலர் மதக் காரணத்தாலும் மனக் காரணத்தாலும் அதை வேண்டாம் என்பார்கள், முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. புள்ளி எதுவும் இல்லாமல் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் மாட்டுத் தோலைப் பிளந்தெடுத்த அடி அடுக்கு. அடர்ந்த நிறம் எடுத்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் துணிக்கு வந்தால் அது நாளை உங்கள் காலுறைக்கும் வரும். ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். மாடி வெயிலில் வைத்தால் தோல் விறைத்துப்போகும், சோல் ஒட்டிய பசையும் இளகும்.

அகலப் பாதக்காரருக்கு அப்பரில் இன்னொரு விஷயம் உண்டு. சுண்டுவிரல் முட்டிக்கு நேராக ஷூவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வலைத்துணி மட்டும் இருந்தால் அது நாலைந்து நாளில் உங்கள் காலுக்கு வழிவிடும். இரண்டு மூன்று அடுக்குத் தோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்திருந்தால், அந்தத் தையல் கோடு இளகவே இளகாது, மாலையில் விரல்தான் சிவந்திருக்கும். 1990களின் மாடல்களில் இந்த அடுக்குகள் அதிகம். அவற்றின் அழகே அதுதான் என்பது வேறு.

அடுத்தது அளவு. போட்டுப் பார்க்காமல் வாங்குகிறீர்கள், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. 'நான் எட்டாம் நம்பர்' என்று அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் எட்டு என்பது பிரிட்டிஷ் எட்டு. அமெரிக்க அளவில் அது சில நிறுவனங்களுக்கு எட்டரை, சில நிறுவனங்களுக்கு ஒன்பது. பிரிட்டிஷ் முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் ஒரு படி என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.7 மில்லிமீட்டர் பக்கம். இரண்டையும் மாற்றி எழுதும்போது ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய பக்கம் முழுமையாக்கிக்கொள்வார்கள். குழப்பம் எல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

சென்டிமீட்டரில் பேசுங்கள். மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாகப் போடும் காலுறையோடு ஒரு தாளின்மேல் நில்லுங்கள், குதிகால் சுவரைத் தொட வேண்டும். வேறு யாராவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். நீங்களே குனிந்து போட்டால் எடை மாறிப் படம் தவறாகும். இரண்டு காலுக்கும் எடுங்கள். பெரிய கால்தான் கணக்கு. குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனிவரை ஒரு அளவு, முன்பாதத்தின் அகலமான இடத்தில் ஒரு அளவு. இந்த இரண்டு எண்ணையும் அக்காவுக்கு அனுப்புங்கள்.

கடையில் அவர் செய்ய வேண்டியது: ஷூவுக்குள் கால் படும் கழற்றக்கூடிய தட்டை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து, டேப்போடு சேர்த்து ஒரு படம் எடுப்பது. நீளம் உங்கள் பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். அகலத்தில் பாதத்தின் கோடு இன்சோலைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வழிவது இயல்பு, அப்பர் அதை ஏந்திக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வழிந்தால் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுங்கள். அரை நம்பர் ஏற்றி வாங்கி அகலத்தைச் சரிக்கட்டலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நீளம் கூடி, ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் விலகிப்போய், குதிகால் தூக்கிக்கொண்டு நடக்கும்.

இன்சோலை எடுக்கும்போதே அடியில் என்ன தெரிகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துணியை அப்பரோடு சுற்றிலும் தைத்த தையல் தெரிந்தால் ஷூ நன்றாக வளையும். அட்டை தெரிந்தால் முதல் இரண்டு வாரம் விறைப்பாக இருக்கும், பிறகு அதுவே ஆடாமல் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க நிற்பவருக்கு அட்டை மோசமில்லை.

இனி மாடல். ஃபியூஷன் 2.0 பருத்த உருவம், அடுக்குகள் அதிகம், கால்சட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பொருந்தும். ஆரியா 95 அதைவிட ஒடுங்கிய ஓட்டக் காலணி முகம். உங்கள் அலுவலக உடைக்கு எனக்குப் பிடித்தது ஆரியா. உங்கள் பாதத்துக்கு எது என்பதை அந்த இன்சோல் படம் சொல்லும். இரண்டும் இறுக்கம் என்றால் அல்பட்ராஸ் 82 என்ற பழைய மாடலையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ந்த சோல், எளிமையான வெட்டு, தொண்ணூறுகளின் ஆர்ப்பாட்டம் இல்லாதது. 'பின்லாந்து ஷூ' என்று வாங்கிவிட்டுச் சீட்டில் ஆசிய நாட்டின் பெயரைப் பார்த்து அக்காவோடு சண்டைக்குப் போகாதீர்கள். இன்று இந்த வகை ஷூக்களில் பெரும்பாலானவை ஆசியாவில்தான் தைக்கப்படுகின்றன. அதில் தரக்குறைவு ஒன்றும் இல்லை. ஆம்பூர்க்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

மற்ற இரண்டும் குறைந்தவை இல்லை. சாக்கனி 1898இலிருந்து இருக்கிறது, பென்சில்வேனியாவில் ஓடும் ஒரு ஓடையின் பெயர். 1981இல் வந்த அவர்களின் ஜாஸ் இலேசானது, அடியில் முக்கோண ரப்பர் பற்கள், விலையும் மிரட்டாது. பழைய பாணி ஓட்டக் காலணி எனக்குப் பிடிக்குமா என்றே தெரியவில்லை என்பவர் அதில் தொடங்கலாம். டியாடோரா 1948இல் இத்தாலியின் திரெவிசோ மாவட்டத்தில் மலையேற்றப் பூட்ஸ் செய்யத் தொடங்கிய நிறுவனம். அதன் சில ஜோடிகளை இன்றும் இத்தாலியிலேயே தைக்கிறார்கள். 1988 சியோல் மாரத்தானில் தங்கம் வென்ற ஜெலிந்தோ பொர்தின் அவர்களோடு சேர்ந்தவர். என்9000 மாடலின் தோல் வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். விலையைப் பார்த்ததும் கீழே வைத்துவிடத் தோன்றும். உங்கள் பட்ஜெட்டுக்குள் அது வருமானால், அகலமும் ஒத்துவருமானால், கர்ஹுவைவிட அதைத்தான் எடுப்பேன். ஆனால் அக்கா வருவது ரோமிலிருந்து இல்லையே.

வாங்கியபின் ஷூ வந்த அட்டைப்பெட்டியை ஹெல்சிங்கியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். ஷூவுக்குள் காலுறைகளைச் சுருட்டித் திணித்தால் பயணப் பெட்டியில் இடமும் மிச்சம், முன்பக்கமும் நசுங்காது. பாதம் வரைந்த தாளின் படத்தை எனக்கும் அனுப்புங்கள். முன்பக்கம் அகலமா, அல்லது பாதத்தின் மேல்வளைவு உயரமாக இருந்து அகலம் போலத் தோன்றுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இரண்டாவது என்றால் கயிற்றை ஒரு துளை விட்டுக் கோத்தாலே போதும், ஃபியூஷனையே எடுக்கலாம்.